தொப்பூர் வளைவில் யார் குற்றவாளி?

சில சொற்கள் நம் மனச்சான்றைத் தாலாட்டித் தூங்கவைக்கும் ஆற்றல் படைத்தவை. 'விபத்து' என்பது அவற்றுள் ஒன்று. காலையில் நாளேட்டைப் பிரிக்கிறோம். லாரி மோதி நால்வர் மாண்டனர் என்று படிக்கிறோம். 'அடடா!' என்கிறோம், பெருமூச்சு விடுகிறோம், அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம். அதே இடத்தில், அதே வளைவில், அதே முறையில் மீண்டும் உயிர்கள் போகும்போதும் அதே சொல்லையே கையாளுகிறோம். எதிர்பாராமல் நேர்வதே விபத்து. இன்ன இடத்தில் இன்ன விதமாக நேரும் என்று ஊரே அறிந்து அஞ்சிக் காத்திருக்கும் ஒன்றை அப்பெயரால் அழைப்பது எவ்வகையில் தகும்?

இக்கேள்வியை நெஞ்சில் தாங்கியவர்களாய்த் தொப்பூர்க் கணவாய்க்கு ஒருமுறை சென்று வருவோம்.

கணவாயின் கதை

தருமபுரிக்கும் சேலத்திற்கும் இடையே அமைந்தது தொப்பூர்க் கணவாய். ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இதன் வழியேதான் செல்கிறது. முன்னாளில் இப்பகுதி 7-ஆம் எண் நெடுஞ்சாலை என வழங்கியது. பெங்களூரிலிருந்து தெற்கே செல்லும் சரக்கு லாரிகளுக்கும், சொந்த ஊர் திரும்பும் தொழிலாளர் குடும்பங்களுக்கும், இரவுப் பேருந்துகளுக்கும் இதுவே வாயில். நம்மில் பலர் இவ்வழியே கண்ணயர்ந்தபடி கடந்திருக்கிறோம். ஓட்டுநர் மட்டும் கண்ணயர்ந்துவிடக் கூடாதே என்ற அச்சம் அவ்வப்போது நம்மை உலுக்கி எழுப்பியதும் உண்டு.

தருமபுரியிலிருந்து வரும் சாலை அகன்றது, வழவழப்பானது, நாற்கரமாய் நீண்டு கிடப்பது. அதில் விரைந்து வரும் வாகனம் கணவாயை அடைந்ததும் சாலை இறங்கத் தொடங்குகிறது. இறங்கும்போதே வளைகிறது, ஒருபுறம் வளைந்தது மறுபுறமும் வளைகிறது. இறக்கமும் வளைவும் சேர்ந்து வரும் இவ்விடத்தில்தான் பாரவண்டிகள் கட்டுப்பாட்டை இழக்கின்றன.

2020 டிசம்பர் 12 அன்று இங்கே கட்டுப்பாட்டை இழந்த லாரி ஒன்று முன்னே இருந்த பத்துக்கும் மேற்பட்ட வாகனங்களை மோதி நொறுக்கியது. நால்வர் உயிரிழந்தனர். 2024 ஜனவரி 24 அன்று இதே கணவாயின் இரட்டைப் பாலத்தருகே லாரிகளும் கார்களும் ஒன்றன்மீது ஒன்று மோதின. லாரி ஒன்று பாலத்திலிருந்து கீழே விழுந்தது, தீயும் பற்றிக்கொண்டது. அன்றும் நால்வர் உயிரிழந்தனர். இடம் ஒன்று, இறக்கம் ஒன்று, மரணத்தின் முறையும் ஏறத்தாழ ஒன்று. இடைப்பட்ட காலமோ மூன்று ஆண்டுகளுக்கும் மேல். மாண்டவர்கள் யாரும் சாவைத் தேடிச் சென்றவர்கள் அல்லர். தமக்கு முன்னே செல்லும் வாகனத்தின் பின்னே ஒழுங்காகச் சென்றவர்களும் அவர்களுள் உண்டு. பின்னாலிருந்து வந்தது மரணம்.

எழுதி வைத்த வாசகம்

ஒவ்வொரு விபத்திற்குப் பின்னும் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை எழுதப்படும். அதில் வரும் ஒரு வாசகம் தமிழ்நாடு முழுதும் மனப்பாடம்: 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து...' பெயர் மாறும், ஊர் மாறும், வாகன எண் மாறும், இவ்வாசகம் மாறாது. எழுதுகின்ற கைக்கு இதைவிட எளிதான வாசகம் வேறில்லை. இது எழுதப்பட்டதும் தேடல் முடிந்துவிடுகிறது. குற்றவாளி கிடைத்துவிட்டான். பல வேளைகளில் அவன் மருத்துவமனையில் கிடக்கிறான்; சில வேளைகளில் பிணவறையில் கிடக்கிறான். தன் தரப்பைச் சொல்ல வாயற்றவன்மீது பழி சுமத்துவது எத்துணை எளிது!

இந்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் நாடெங்கும் 4,61,312 சாலை விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டனர். அவர்களுள் 17,884 பேர் தமிழ்நாட்டில் உயிரிழந்தவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு நம் மாநிலமே நாட்டில் முதலிடம் வகித்தது. 2023-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் மாண்டோர் தொகை 1,72,000-ஐத் தாண்டியது. 2022-இல் மாண்டவர்களில் நூற்றுக்கு 71 பேருக்கு மேல் அதிவேகத்தால் மாண்டனர் என்று அதே அறிக்கை கூறுகிறது.

இக்கணக்கை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஒன்று கேட்க விரும்புகிறோம். 'அதிவேகம்' என்பது எதனோடு ஒப்பிட்டு? சமவெளியில் மணிக்கு 80 கிலோமீட்டர் உரிய வேகம். அதே 80, அடுத்த நிமிடம் எதிர்ப்படும் கூரிய வளைவில் கொலை வேகம். மனிதர் மாறவில்லை, வண்டி மாறவில்லை, சாலை மாறிவிட்டது. அம்மாற்றத்தை ஓட்டுநருக்கு உரிய நேரத்தில் உணர்த்தும் கடமை சாலையை அமைத்தவர்க்கு இல்லையா? கணக்கு எழுதுவோர் ஓட்டுநரின் வேகத்தை அளக்கிறார்கள். வளைவின் ஆரத்தை அளந்தவர் எத்தனை பேர்?

வளைவின் இலக்கணம்

வளைவுக்கும் ஓர் இலக்கணம் உண்டு. அது பொறியாளர்களுக்கு மட்டுமே உரிய மறைபொருள் அன்று. கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றிய சிறுவனும் அறிவான். வளைந்து செல்லும் எப்பொருளையும் நேரே எறிந்துவிட முயலும் விசை ஒன்று உண்டு. வேகம் இரு மடங்கானால் அவ்விசை நான்கு மடங்காகிறது. வண்டியைச் சாலையில் பிடித்து நிறுத்துபவை இரண்டே. ஒன்று, சக்கரத்திற்கும் சாலைக்கும் உள்ள உராய்வு. மற்றொன்று, வளைவின் வெளிப்புற விளிம்பை உட்புறத்தைவிடச் சற்றே உயர்த்திச் சாய்வாக அமைத்தல். இவ்விரண்டும் போதாதபோது வண்டி சறுக்கும், அல்லது கவிழும்.

இந்தியச் சாலைப் பேரவை இதற்கெல்லாம் அளவு வகுத்திருக்கிறது. சமவெளிச் சாலையின் வளைவில் வெளிவிளிம்பின் சாய்வு நூற்றுக்கு 7 பங்குக்கு மிகாதிருக்க வேண்டும். அந்தச் சாய்வோடு மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வளைவைக் கடக்க, அதன் ஆரம் ஏறத்தாழ 230 மீட்டராவது இருக்க வேண்டும். 100 கிலோமீட்டர் வேகமென்றால் 360 மீட்டர் வேண்டும். வேகம் கால் பங்கு கூடினால், வளைவு ஒன்றரை மடங்குக்கு மேல் விரிய வேண்டும் என்பது இதன் பொருள்.

கண்ணுக்கும் ஓர் அளவு உண்டு. 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடிவிடும். தடையைக் கண்டு, மனத்தில் வாங்கி, காலால் பிரேக்கை மிதிப்பதற்குள் இரண்டரை நொடி போய்விடும் என்று கணக்கிடுகிறார்கள். அதற்குள்ளாகவே 55 மீட்டர் கடந்துவிடுகிறது! ஆகவே அவ்வேகத்தில் செல்பவர்க்குக் குறைந்தது 120 மீட்டர் தூரமாவது முன்னே தெரிய வேண்டும் என்பது விதி. வளைவின் உட்புறத்தில் ஒரு மண்மேடோ, அடர்ந்த புதரோ, விளம்பரத் தட்டியோ, ஒரு தேநீர்க் கடையின் கூரையோ அந்தப் பார்வையை மறைத்தால், ஓட்டுநர் எத்துணை வல்லவராயினும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுபவரே ஆவார்.

கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அங்கே செல்பவர் எவரும் 80 கிலோமீட்டர் வேகத்தை நினைத்தும் பார்ப்பதில்லை. முதல் வளைவே அடுத்த 69 வளைவுகளுக்கும் எச்சரிக்கை. அங்கே சாலை பொய் சொல்வதில்லை. பல காத தூரம் நேராகவும் அகலமாகவும் வந்து, 'விரைந்து செல்' என்று காதில் ஓதிக்கொண்டே இருந்து, திடீரெனத் திரும்பும் நெடுஞ்சாலையோ நம்மை ஏமாற்றுகிறது. வளைவைவிட அந்த ஏமாற்றே கொடியது.

இறக்கத்தின் கொடுமை

தொப்பூரில் வளைவோடு இறக்கமும் சேர்ந்திருக்கிறது. நீண்ட இறக்கத்தில் பாரவண்டியை பிரேக்கை மிதித்தே நிறுத்திக்கொண்டு வந்தால் பிரேக் சூடேறும். சூடு மிகுந்தால் அதன் பிடி தளரும். பிறகு எத்துணை அழுத்தி மிதித்தாலும் வண்டி நிற்காது. இதைத் தவிர்க்கவே இறக்கத்தில் கீழ் கியரில் வந்து, எஞ்சினையே வண்டிக்குக் கடிவாளமாக்க வேண்டும் என்று கற்பிக்கிறார்கள். நீலகிரி மலைப் பாதையில் இரண்டாம் கியரில் செல்லுமாறு வழிநெடுகப் பலகைகள் வைத்திருப்பதும் இதனாலேயே.

ஆனால் நடப்பது என்ன? டீசலை மிச்சப்படுத்தும் பொருட்டு நியூட்ரலில் இறங்கும் வழக்கம் லாரி ஓட்டுநரிடையே நெடுங்காலமாக உள்ளது. அது தவறு, பெருந்தவறு. அதை நாம் மூடி மறைக்கப் போவதில்லை. ஆயினும் அத்தவற்றின் வேரையும் காண வேண்டாமா? மிச்சமாகும் டீசலில்தான் தன் இரவுச் சோறும் அடங்கியிருக்கிறது என்று எண்ணும் நிலையில் ஒருவனை வைத்துவிட்டு, தூங்காமல் ஓட்டிக் குறித்த நேரத்தில் சரக்கைச் சேர்த்தால்தான் கூலி என்று பேசிவிட்டு, பின்னர் அவன்மீது மட்டும் விரல் நீட்டுவது நேர்மையாகுமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2018-ஆம் ஆண்டில் சரக்கு லாரிகள் ஏற்றிச் செல்லத்தக்க சுமையின் உச்ச அளவை நடுவண் அரசு உயர்த்தியது. மூன்று அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன்னானது. அதுவரை மீறலாக இருந்த சுமை, பேனாவின் ஒரே கோட்டில் சட்டத்திற்கு உட்பட்டதாயிற்று. அந்தக் கோடு தொப்பூரின் வளைவை ஒரு முழமேனும் விரித்ததா? இறக்கத்தை ஒரு விரற்கடையேனும் தணித்ததா? சுமை கூடும், வேகம் கூடும், வண்டிகளின் எண்ணிக்கை கூடும், சுங்கக் கட்டணமும் கூடும். சாலையின் பாதுகாப்பு மட்டும் கூடாதென்றால், அது யாருக்கான சாலை?

தராசின் இரு தட்டுகள்

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். கவனக்குறைவால் மரணம் விளைவித்தவருக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304-அ பிரிவு இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை விதித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு அதனை ஐந்து ஆண்டு வரை உயர்த்தியது. உயிரின் மதிப்பைச் சட்டம் உணர்ந்துள்ளது என மகிழலாம்.

மறு தட்டையும் பார்ப்போமே! 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 198-அ என்றொரு பிரிவு புதிதாகச் சேர்க்கப்பட்டது. சாலையின் வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் பராமரிப்பிலும் வகுத்த தரத்தைக் கடைப்பிடிக்கத் தவறி, அதனால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகார அமைப்பும் ஒப்பந்தக்காரரும் ஆலோசகரும் தண்டனைக்கு உரியவர்கள் என்கிறது அப்பிரிவு. நல்ல பிரிவு, காலம் கடந்தேனும் வந்த பிரிவு. தண்டனை என்ன? ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அவ்வளவே.

ஒரு நொடி கவனம் தவறிய ஓட்டுநருக்கு ஐந்து ஆண்டு வரை சிறை. பல ஆண்டுகள் தெரிந்தே ஒரு வளைவைத் திருத்தாமல் விட்டவர்க்கு, கோடிகளில் புரளும் ஒப்பந்தத்தில் ஒரு துளியான அபராதம். ஓட்டுநரின் தவறு ஒரு நாளுக்கு உரியது. வளைவின் தவறு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வண்டியையும் சோதிக்கிறது. எது பெரிய கவனக்குறைவு? இதற்கு விடை சொல்லச் சட்டக் கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை.

இவ்வநீதியைக் கண்டு வாளாவிராதவர் ஒருவர் நம்மிடையே உண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு முறிவு மருத்துவர் இராசசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். நொறுங்கிய எலும்புகளை நாள்தோறும் ஒட்டவைத்துக் கொண்டிருந்தவர், அவை நொறுங்கும் இடத்திற்கே செல்லத் துணிந்தார். அவ்வழக்கில் 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சாலைப் பாதுகாப்புக்கென ஒரு குழுவை அமைத்தது. 2017 நவம்பரில் மாநிலங்களுக்கும் நடுவண் அரசுக்கும் விரிவான ஆணைகளைப் பிறப்பித்தது. கரும்புள்ளிகளைக் கண்டறிந்து திருத்துவதும், சாலைகளைப் பாதுகாப்புத் தணிக்கைக்கு உட்படுத்துவதும் அவற்றுள் அடங்கும். தனி ஒருவர் தம் பணியறையிலிருந்து எழுந்து நடந்ததால் இவ்வளவும் நிகழ்ந்தது. நாமோ இன்னும் பெருமூச்சோடு நின்றுகொண்டிருக்கிறோம்.

கரும்புள்ளி என்பதற்கும் அரசே இலக்கணம் வகுத்துள்ளது. ஏறத்தாழ 500 மீட்டர் நீளமுள்ள ஒரு சாலைப் பகுதியில், மூன்று ஆண்டுகளில் மரணமோ கொடுங்காயமோ விளைவித்த விபத்துகள் ஐந்து நேர்ந்திருந்தால், அல்லது பத்துப் பேர் மாண்டிருந்தால், அது கரும்புள்ளி. இவ்விலக்கணத்தை உற்று நோக்குங்கள். ஓர் இடம் ஆபத்தானது என்று ஏட்டில் ஏறவே இத்தனை பேர் இரத்தம் சிந்த வேண்டியிருக்கிறது. ஒன்பது பிணங்கள் போதாதாம், பத்தாவது வேண்டுமாம்! ஆரத்தையும் பார்வைத் தூரத்தையும் அளக்க ஒரு நாடா போதும். அதற்குப் பிணங்களை அளவுகோலாக்க வேண்டுமா?

எதிர்வாதங்கள்

நம்மை மறுத்துரைப்போர் உண்டு. அவர்களுக்கும் விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

'ஓட்டுநர் ஒழுங்காக ஓட்டினால் எந்த வளைவும் கொல்லாது' என்பர் சிலர். ஒழுங்காகவே ஓட்டும் ஓட்டுநரைக் கொண்டு உலகை நிரப்ப முடியுமானால் சாலை விதிகளே தேவையில்லை. மனிதன் தவறுவான்; களைப்பான்; ஒரு கணம் நினைவு எங்கோ போகும். 1997-இல் சுவீடன் நாட்டின் நாடாளுமன்றம், சாலையில் ஒருவரும் மாளக் கூடாது என்பதைக் கொள்கையாகவே ஏற்றது. தவறு செய்வது மனித இயல்பு. அத்தவறு மரணத்தில் முடியாதவாறு சாலையை அமைப்பது அமைப்பவர் கடமை என்பதே அக்கொள்கையின் சாரம். குழந்தை தவழும் வீட்டில் கிணற்றுக்குச் சுவர் எழுப்புகிறோம். 'குழந்தை ஒழுங்காக இருந்தால் விழாது' என்று சொல்லிக்கொண்டா இருக்கிறோம்?

'வளைவை நேராக்கினால் வேகம்தான் கூடும்' என்பர் வேறு சிலர். இதில் உண்மை உண்டு. எனவேதான் வளைவைத் திருத்துவது வேறு, கண்மூடித்தனமாக நேராக்குவது வேறு என்கிறோம். முன்னும் பின்னும் உள்ள சாலையின் போக்கிற்கு ஏற்ப வளைவு அமைய வேண்டும். அது படிப்படியாகத் தொடங்கிப் படிப்படியாக முடிய வேண்டும். விரிக்க இயலாத வளைவு எனில், அதற்கு நெடுந்தொலைவு முன்பிருந்தே வேகத்தைத் தணிக்கும் ஏற்பாடுகள் வேண்டும்.

'பணம் எங்கே?' என்பது மூன்றாவது வாதம். தொப்பூரில் ஏறத்தாழ 6.6 கிலோமீட்டர் நீளத்திற்கு உயர்மட்டச் சாலை அமைக்க 700 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பீட்டில் திட்டம் தீட்டப்பட்டது. அதை வரவேற்கிறோம். பெருந்திட்டத்தைக் காட்டிச் சிறுதிருத்தத்தை ஒத்திப்போடுவதைத்தான் எதிர்க்கிறோம். வீடு கட்டி முடியும்வரை கூரையின் ஒழுக்கை அடைக்காமல் இருப்பார் உண்டோ? வளைவின் வெளிவிளிம்பில் ஒளிரும் அம்புக்குறிப் பலகைகள் நட 700 கோடி வேண்டியதில்லை. உட்புறப் புதரை வெட்ட அரிவாளும் இரண்டு ஆட்களும் போதும். மழையில் வழுக்கும் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குதல், தேய்ந்த கோடுகளைப் புதுப்பித்தல், உடைந்த தடுப்பு வேலியை மாற்றுதல், விளிம்பின் சாய்வைச் சரிசெய்தல் ஆகியன எல்லாம் சாலைப் பராமரிப்பின் அன்றாடப் பணிகள். இறக்கத்தின் தலைப்பில் லாரிகளை நிறுத்தி பிரேக்கைச் சோதித்துக் கீழ் கியரில் அனுப்ப ஓர் இடம் வேண்டும். பிடி இழந்த லாரி ஏறி நின்றுவிட, சாலையோரத்தில் மேல்நோக்கி எழும் சரளைக்கல் படுகை ஒன்று வேண்டும். மலைச்சரிவுகள் உள்ள பல நாடுகளில் இவை வழக்கமானவை.

நம் மாநில அரசு 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. விபத்தில் அடிபட்டோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்பது போற்றத்தக்க அறச்செயல். அடிபட்டபின் 48 மணி நேரம் காக்க முன்வந்த கை, அடிபடுவதற்கு முந்தைய அந்த ஒரு நொடியைக் காக்கவும் நீள வேண்டும் என்றே கேட்கிறோம்.

கடைசி வாதம் எல்லாவற்றிலும் கொடியது. 'எல்லாம் விதி, கடவுள் அழைத்துக்கொண்டார்' என்பது. துக்க வீட்டில் ஆறுதலாகச் சொல்லப்படும் இச்சொல், வெளியே வந்ததும் அலட்சியத்திற்கு அரணாகிவிடுகிறது. நூற்றுக்கு 7 பங்கு சாய்வு வைக்க வேண்டிய இடத்தில் வைக்காமல் விட்டவன் மனிதன். அதன் பழியைக் கடவுள்மேல் ஏற்றுவது பக்தியன்று, அவதூறு.

நம் பங்கு

பிறரை நோக்கி நீளும் விரல் நம்மையும் சுட்டட்டும். வளைவைத் திருத்த நிலம் கேட்டால், நியாயமான இழப்பீடு கிடைக்கும்போதும் ஆண்டுக்கணக்கில் வழக்காடுபவர்கள் நம்மிடையே உண்டு. சாலையோரத்தை ஆக்கிரமித்துக் கடை போட்டு, பார்வையை மறைப்பவர்களும் நம்மவரே. வாடகை வேனில் குடும்பத்தோடு செல்லும்போது, 'கொஞ்சம் வேகமாப் போங்க தம்பி, நேரமாச்சு' என்று ஓட்டுநரை விரட்டுபவர்களும் நாமே. மறுநாள் அவர் பெயர் முதல் தகவல் அறிக்கையில் ஏறும். நம் பெயர் ஏறாது.

நாம் செய்யக் கூடியவை உண்டு. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள்கள் கிராம சபை கூட வேண்டும் என 2022 முதல் வகைசெய்யப்பட்டுள்ளது. தெருவிளக்கும் குடிநீரும் பேசப்படும் அந்தச் சபையில், ஊர் எல்லையிலுள்ள வளைவைப் பற்றியும் பேசித் தீர்மானம் இயற்றலாம். மாவட்ட ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு இயங்குகிறது. அதற்கு மனு எழுதலாம். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், நம் வட்டாரத்தின் கரும்புள்ளிகள் யாவை, அவற்றில் பாதுகாப்புத் தணிக்கை நடந்ததா, தணிக்கையர் கூறிய திருத்தங்கள் எவை, அவற்றுள் எத்தனை நிறைவேறின என்று பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். விடை வந்தால் அது ஆவணம். வராவிட்டால் அதுவும் ஆவணம்.

எழுதும்போது கோபத்தை மட்டும் எழுதாது அளவையும் எழுதுவோம். வளைவிலிருந்து எத்தனை மீட்டரில் எதிர்வண்டி தெரிகிறது, எந்த இடத்தில் பலகை இல்லை, எந்தத் தடுப்பு எந்த மாதம் உடைந்தது, மழை நாளில் எங்கே நீர் தேங்குகிறது என்று நாளும் கிழமையுமாகக் குறித்து அனுப்புவோம். அழுகையைப் புறந்தள்ளத் தெரிந்த கோப்புகளுக்கு அளவைப் புறந்தள்ளுவது அவ்வளவு எளிதன்று.

முதல் தகவல் அறிக்கையில் ஒரு வாசகம் கூடவேண்டும் எனவும் கேட்போம். 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்பதோடு, வளைவின் நிலை, பார்வைத் தூரம், எச்சரிக்கைப் பலகை இருந்ததா இல்லையா என்பதும் ஒவ்வொரு முறையும் பதிவாகட்டும். விபத்து விவரங்களைச் சாலையின் தன்மையோடு சேர்த்துத் திரட்டும் கணினி ஏற்பாடு ஒன்றைச் சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கித் தந்து, நாடெங்கும் காவல்துறையினர் கையில் அது வந்தும் விட்டது. கருவி இருக்கிறது, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கும் மனம்தான் வேண்டும்.

ஆபத்தான வளைவுகளின் ஓரத்தில், மாண்டவர்க்கு உற்றார் கட்டிய மாலையோ நட்ட கல்லோ சில வேளைகளில் காணக் கிடைக்கும். வெயிலில் வாடிய அம்மாலையைக் கடந்து நம் வண்டி ஒரு நொடியில் போய்விடுகிறது. நெடுஞ்சாலைத் துறை நடாத எச்சரிக்கைப் பலகையை, இழந்தவர்கள் தங்கள் கண்ணீரால் நட்டிருக்கிறார்கள். அடுத்த மாலை அங்கே தொங்குவதற்குள் அந்த வளைவை அளக்க யார் செல்வது? அவர்கள் செல்லாவிட்டால், நாடாவை எடுத்துக்கொண்டு நாமே செல்வோம்.